வைக்கோலும் வாழைச்சேனையும்



மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி வழியே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் சென்றால், கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு குடாக்களை அடையலாம். ஒன்று கல்குடா, மற்றது பாசிக்குடா. கல்லும் பாசியும் அவற்றிற்குப் பெயர் தந்தன. பாசிக்குடாவின் கடல் ஆழம் குறைந்தது. முருகைக்கற் பார்கள் அலையின் வேகத்தைத் தணிப்பதால், கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடந்து செல்லலாம். இவ்வழகைக் காண வருவோர் பலர். வெளிநாட்டார் முதலாக உள்ளூர்ப் பாடசாலைச் சிறுவர் ஈறாக இக்கடலில் நீராடாதார் சிலரே எனலாம்.

ஆயினும் குடாவை நாடி வருவோருள் மிகச் சிலரே அதன் அயலூராகிய வாழைச்சேனையில் நின்று பார்ப்பர். இலங்கைத் தீவின் பாடசாலைப் பிள்ளைகள் ஒருகாலத்தில் எழுதிய தாளில் ஒரு பகுதி இவ்வூரிலே பிறந்தது. வயலில் எரிக்கப்பட்டு வந்த வைக்கோலே அத்தாளுக்கு மூலப்பொருள். வாவிக்கரையிலிருந்த சிறு குடியிருப்புக்களை அவ்வாலை ஒரு கைத்தொழில் ஊராக்கியது. அந்த ஊரின் நிலஇயல்பையும் வரலாற்றையும், அதன் ஏற்றத்திற்கும் தளர்ச்சிக்கும் உரிய காரணங்களையும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தைக் காண்போருக்கு நீரே கண்ணிற் படும். ஊவா மலைச்சாரலில் பிறந்து, 135 கிலோமீற்றர் அளவு ஓடி, வெலிக்கந்தை, புணானை ஆகிய பகுதிகளின் காடுகளைக் கடந்து வரும் மாதுறு ஓயா, வாழைச்சேனை வாவியிலே கலந்து கடலை அடைகிறது. மட்டக்களப்பு நகரைச் சூழ்ந்து தெற்கே நீண்டு கிடக்கும் பெருவாவி வேறு, இவ்வாவி வேறு. பெருவாவியிலும் இது சிறியதே. எனினும் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடமாகையால் மீனும் இறாலும் நண்டும் இங்கே பெருகின. கரையோரங்களில் கண்ணாமரங்கள் வேரூன்றி நின்று மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் அளித்தன.

வாவியின் ஒரு மருங்கில் வாழைச்சேனையும் அதனைச் சார்ந்த பேத்தாழை, கறுவாக்கேணி, கிண்ணையடி முதலிய ஊர்களும் உள்ளன. அயலிலே ஓட்டமாவடி. நீரோடு நெருங்கிக் கிடப்பது நாசிவன்தீவு. கடற்கரையை ஒட்டி மணல்நிலம். அங்கே தென்னையும் பனையும் வளரும். சற்று உள்ளே சென்றால் களிமண் வயல்கள். அதற்கும் அப்பால் மேட்டு நிலக் காடு. இம்மூவகை நிலத்திற்கும் ஏற்ப மூவகைத் தொழில்கள் இவ்வட்டாரத்தில் தொன்றுதொட்டு நிலவின. மணலில் வாழ்ந்தோர் மீன்பிடித்தனர். களிமண்ணில் வாழ்ந்தோர் நெல் விளைத்தனர். மேட்டுக்காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்தோரும் இருந்தனர். வாழைச்சேனை என்ற பெயரிலே வாழையும் சேனையும் சேர்ந்திருப்பது இப்பழைய வாழ்க்கையை நினைவூட்டுகிறது.

இப்பகுதியின் காலநிலை வறண்ட வலயத்துக்குரியது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரில் தொடங்கிச் சனவரி வரையுள்ள மாதங்களிலே பொழிந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது புல்லும் கருகும். ஆதலின் மாரி மழையை நம்பிய பெரும்போக நெல்லே மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாயிற்று. மாசி, பங்குனியில் அறுவடை. வட்டைகளில் அரிந்த கதிரைச் சூடாக அடுக்கி வைப்பதும், களவெட்டியில் எருமைகளைச் சுற்றிவரச் செய்து சூடு மிதிப்பதும், போடியாரின் பட்டறைக்கு நெல் போய்ச் சேர்வதும் ஆண்டுதோறும் நிகழ்ந்த காட்சிகளாகும். நெல் போன பின்பு களவெட்டியில் மலைபோல் எஞ்சுவது வைக்கோல். மாட்டுக்கும் கூரைக்கும் வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு, மீதியைத் தீயிட்டுக் கொளுத்துவது வழக்கம்.

இவ்வூர்கள் கோறளைப் பற்றைச் சேர்ந்தவை. தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக அயலவராக வாழ்ந்த இடம் இது. ஒரு வட்டையில் இருவரும் வயல் செய்தனர். ஒரே வாவியில் இருவரும் வலை வீசினர். விளைந்ததும் பிடித்ததும் ஒரே சந்தையில் விலையாயின. தமிழே இருவருக்கும் தாய்மொழி. பின்னாளில் இங்கு எழுந்த ஆலைக்கு வேண்டிய உழைப்பும் வண்டியும் வணிகமும் இவ்விரு சமூகத்தாரிடமிருந்தும் கிடைத்தன என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வெளியுலகத்தோடு இவ்வட்டாரத்தை இணைத்தது புகையிரதப் பாதையாகும். கல்லோயாச் சந்தியிலிருந்து பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு வந்த பாதை 1928ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன் புணானைக்கும் வாழைச்சேனைக்கும் இடைப்பட்ட நிலம் அடர்ந்த காடு. பன்னிரண்டு பேரளவில் கொன்று தின்றதாகச் சொல்லப்படும் புணானைச் சிறுத்தை 1924ஆம் ஆண்டில் சுடப்பட்டது என்னும் செய்தி, அக்காட்டின் தன்மையை விளக்கப் போதுமானது. அத்தகைய காட்டினூடே இருப்புப்பாதை வந்து, வாவியைப் பாலத்தாற் கடந்து, வாழைச்சேனையையும் கல்குடாவையும் தொட்டது. ஓட்டமாவடியின் பழைய பாலத்தில் புகைவண்டியும் வீதியில் ஓடும் வண்டிகளும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொண்டன. புகைவண்டி வரும்போது மற்றவை காத்து நிற்கும். போர் முடிந்த பின்னரே வீதிக்கெனத் தனிப்பாலம் அமைந்தது.

இனி, தாளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கி.பி. 105ஆம் ஆண்டில் சீன அரசவையைச் சேர்ந்த சாய் லுன் என்பார் மரப்பட்டை, சணல், கந்தைத்துணி ஆகியவற்றிலிருந்து தாள் செய்யும் முறையை அரசனுக்கு அறிவித்தார் எனச் சீனர் நூல்கள் கூறும். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அக்காலத்தும் அதன் பின்னும் பன்னூறாண்டுகள் பனையோலையே ஏடாக விளங்கிற்று. மட்டக்களப்பின் பழைய வரலாறு கூறும் மட்டக்களப்பு மான்மியமும் ஏட்டுப் பிரதிகளாகவே வழங்கி, 1962ஆம் ஆண்டில் எவ். எக்ஸ். சி. நடராசா அவர்களால் அச்சேறியது.

வைக்கோலிலிருந்து தாள் செய்யலாம் என்னும் எண்ணமும் புதியதன்று. 1800ஆம் ஆண்டில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் இலண்டனில் வைக்கோல் தாளில் அச்சிட்ட நூல் ஒன்றை வெளியிட்டு, பெரியதோர் ஆலையையும் நிறுவினார். சில ஆண்டுகளுள் அது கடனில் மூழ்கியது. வைக்கோலை நம்பும் ஆலைக்கு அறிவு மட்டும் போதாது, கணக்கும் பொருந்தி வரவேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி அன்றே காட்டியது. தமிழில் ‘தாள்’ என்னும் சொல் நெற்பயிரின் தண்டையும் குறிக்கும். எழுதும் ஏட்டையும் குறிக்கும். நெல்லின் தாளை எழுதும் தாளாக்கும் முயற்சிக்கு இம்மொழியிலே ஒரு நற்சகுனம் முன்பே இருந்தது போலும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கப்பல்கள் வருவது அருகியபோது, அன்றாடப் பொருள்களுக்கும் பிறநாட்டை எதிர்பார்த்திருக்கும் தீவின் நிலை எவ்வளவு இரங்கத்தக்கது என்பது தெளிவாயிற்று. தாளும் அத்தகைய பொருள்களுள் ஒன்று. 1948ஆம் ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலிருந்து 1953 வரை கைத்தொழில் அமைச்சராக விளங்கியவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள். காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனப் பொருள், வாழைச்சேனையில் காகிதம் என மூன்று பெருந்தொழில்கள் வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெற்றமை அவருடைய பதவிக்காலத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. அரசாங்கத் தொழிற்சாலைகளைக் கூட்டுத்தாபனங்களாக நடத்துவதற்கு 1955ஆம் ஆண்டிலும் 1957ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. வாழைச்சேனை ஆலை 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. கிழக்கிலங்கைக் காகித ஆலைக் கூட்டுத்தாபனம் என்னும் பெயர் நாடெங்கும் அறிமுகமாயிற்று.

தீவின் இத்தனை ஊர்களையும் விட்டு இவ்வூரைத் தேர்ந்தது ஏன் என்ற வினா எழலாம். விடை நிலத்திலேயே உள்ளது. மட்டக்களப்பு வயல்களும் பொலன்னறுவை வயல்களும் இருபுறமும் பரந்து கிடந்தமையால் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஒரு தொன் நெல் விளையும் நிலத்தில் ஏறக்குறைய ஒரு தொன் வைக்கோலும் விளையும். காகிதத் தொழிலுக்கு நீர் பெருந்தேவை. பழைய முறை ஆலைகளில் ஒரு தொன் தாளுக்கு நூறு தொன்னுக்கும் மேற்பட்ட நீர் செலவாகும். மாதுறு ஓயாப் படுகை அதற்கு ஏற்ற இடமாயிற்று. எரிபொருளையும் இரசாயனத்தையும் கொண்டுவரவும், செய்த தாளைக் கொழும்புக்கு அனுப்பவும் புகையிரதப் பாதை இருந்தது. இவற்றோடு, மாரிக்கும் அறுவடைக்கும் இடையே வேலையின்றி இருந்த உழைப்பாளரும் இருந்தனர். இந்நான்கும் ஓரிடத்தில் கூடுவது அரிது.

வைக்கோல் தாளாகும் வகையை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. கட்டுக்கட்டாக வந்த வைக்கோலை முதலிலே சிறு துண்டுகளாக வெட்டுவர். தூசும் உமியும் நீங்கியபின், அதனைப் பெரிய இரும்புக் கொதிகலங்களில் இட்டு, எரிசோடாக் கரைசல் சேர்த்து, நீராவியின் அழுத்தத்தில் வேகவைப்பர். வைக்கோலின் நார்களைப் பிணைத்துள்ள பிசின் போன்ற பொருள் கரைந்து பிரியும். நார் மட்டும் கூழாக எஞ்சும். பிரிந்த நீர் கறுத்திருக்கும். கூழைப் பலமுறை கழுவிக் குளோரினால் வெளுப்பர். பின்பு அதனை அடித்து மென்மையாக்கி, நிறையத் தண்ணீர் கலந்து, ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் கம்பிவலையின்மேல் பரப்புவர். நீர் வடிந்ததும் ஈரப்படலம் உருவாகும். அது உருளைகளுக்கிடையே பிழியப்பட்டு, சூடேற்றிய உருளைகளின்மேல் உலர்ந்து, இறுதியில் பெருஞ்சுருளாகச் சுற்றப்படும். வலையில் விழும்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீராக இருந்தது, சுருளில் ஏறும்போது எழுதத்தக்க தாளாகிவிடும்.

வெளுத்த கூழ் ஒரு தொன் பெற ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று தொன் வரை வைக்கோல் வேண்டும். எரிசோடாவும் குளோரினும் பரந்தனிலிருந்து வந்தன. பரந்தனுக்கு வேண்டிய உப்பு ஆனையிறவில் விளைந்தது. ஆனையிறவு உப்பளத்துத் தொழிலாளியும், பரந்தன் இரசாயனத் தொழிலாளியும், பொலன்னறுவை உழவனும், வாழைச்சேனைப் பொறியாளனும் ஒருவரை ஒருவர் காணாமலே ஒரு பள்ளிப்பிள்ளையின் கொப்பிக்காக உழைத்தனர். நாட்டின் கைத்தொழில் என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் வேறில்லை.

காகிதப் பொறியை இரவில் நிறுத்தி விடியலில் தொடக்குதல் இயலாது. ஆகவே ஆலை இரவும் பகலும் இயங்கியது. தொழிலாளர் முறைவைத்து மாறினர். சூரியன் உதித்தால் வயலுக்கும், மறைந்தால் வாவிக்கும் போய்வந்த மக்களுக்கு மணிக்கணக்கில் அளந்த வேலைநாள் புதிதாயிற்று. மாதச் சம்பளமும் புதிதாயிற்று. மழை பொய்த்தாலும் குறித்த நாளில் வருகின்ற பணம், கடனுக்கு நெல்லை முன்கூட்டியே விற்றுவந்த குடும்பங்களுக்கு எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் பொறியாளரும் எழுதுவினைஞரும் வந்து குடியமர்ந்தனர். ஆலைக் குடியிருப்பு எழுந்தது. தேநீர்க் கடைகள், தையற் கடைகள், சைக்கிள் திருத்தும் கடைகள், தங்குமிடங்கள் பெருகின. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பொறியின் முன்நின்று வேலை செய்தனர். வைக்கோற் காலத்தில் பாரவண்டிகள் வரிசையாக வந்தன; கட்டும் தொழிலாளிக்குக் கூலியும், ஏற்றும் வண்டிக்காரனுக்கு வாடகையும், வைக்கோலைக் கொடுத்த உழவனுக்கு விலையும் கிடைத்தன. முன்பு சாம்பலாகிய பொருள் பணமாயிற்று.

இத்துணை நன்மைகளோடு குறைகளும் உடன் பிறந்தன. அவற்றை மறைத்துப் பேசுவது வரலாறாகாது. நெல்வைக்கோலில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி. உலர்ந்த எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இருக்கும். மரக்கூழ் ஆலைகள் கறுத்த கழிவுநீரைக் காய்ச்சி எரித்து எரிசோடாவை மீட்டுக்கொள்ளும், எரிபொருளும் மிச்சமாகும். வைக்கோலின் சிலிக்கா அக்கலங்களில் படிந்து கல்லாக இறுகுவதால், அம்மீட்பு கடினமாயிற்று. மேலும் வைக்கோலின் நார் குட்டையானது. தாள் கிழியாதிருக்க நீண்ட நாருடைய மரக்கூழைப் பிறநாட்டிலிருந்து வருவித்துக் கலக்க நேர்ந்தது. இறக்குமதியைக் குறைக்க எழுந்த ஆலையும் ஓரளவு இறக்குமதியை நாடி நின்றது.

கறுத்த நீர் வாவிக்கே போயிற்று. அதில் கலந்துள்ள கரிமப் பொருள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறும். சேற்றடியில் வாழும் உயிரினம் அழியும். வாழைச்சேனை வாவி மாசடைந்த செய்தி ஆய்வாளரின் எழுத்துக்களிலும் மீனவரின் முறைப்பாடுகளிலும் இடம்பெற்றது. ஒரே வீட்டில் தமையன் ஆலையில் சம்பளம் பெறவும், தம்பி வாவியில் வெறும் வலையை இழுக்கவும் கூடிய நிலை எத்துணை இக்கட்டானது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆலையை மூடச் சொன்னால் ஒருவன் சோறு போகும். ஓடவிட்டால் மற்றவன் சோறு போகும். இதற்குரிய நியாயமான தீர்வு கழிவுநீரைத் துப்புரவு செய்து விடுதலாகும். அதற்கான செலவை ஆலையின் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்திருந்தால் இவ்வழக்கு எழுந்திராது.

1977ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கை இறக்குமதிக் கதவைத் திறந்தது. மரக்கூழில் செய்த வெண்மையான வெளிநாட்டுத் தாள் மலிவாக வந்தது. உள்நாட்டுத் தாள் அதனோடு விலையிலும் வெண்மையிலும் போட்டியிட வேண்டியதாயிற்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி இம்மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களையும் வீடுகளையும் சின்னாபின்னமாக்கியது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். எம்பிலிப்பிட்டியில் இரண்டாவது காகித ஆலை எழுந்ததும் இக்காலத்தையொட்டியே ஆகும்.

அதன்பின் வந்தது போர். முன்னே சொல்லப்பட்ட சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. 1980களின் நடுப்பகுதியில் பரந்தன் தொழிற்சாலையின் உற்பத்தி நின்றது. புகையிரதப் போக்குவரத்துப் பல காலம் தடைப்பட்டது. வயலிலிருந்து வைக்கோல் ஏற்றி வருவதும் அச்சத்துக்குரிய பயணமாயிற்று. அயலவராக வாழ்ந்த இரு சமூகத்தாரும் ஒருவரை ஒருவர் ஐயுற்று, கலவரங்களில் உயிரும் உடைமையும் இழந்த நாள்களும் உண்டு; 2002ஆம் ஆண்டில் வாழைச்சேனையில் நிகழ்ந்த கலவரம் அவற்றுள் ஒன்று. ஒரே பொறியின் முன் ஒன்றாக நின்றவர்களின் பிள்ளைகள் ஒரு பாலத்தைக் கடக்க அஞ்சிய காலம் அது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்குடாக் கரையோரத்து ஊர்களையும் அழித்தது. இத்தனைக்கும் இடையே ஆலை குறைந்து குறைந்து இயங்கியது. வைக்கோற் கூழ் நின்று, பழந்தாளே மூலப்பொருளாயிற்று. பின் பொறிகள் ஓய்ந்தன. பழந்தாளைக் கொண்டு ஆலையை மீண்டும் இயக்கும் முயற்சிகள் அண்மை ஆண்டுகளில் நடந்துள்ளன.

போர் ஒன்றே காரணம் என முடிவு கட்டுவது எளிது. ஆனால் கடல் கடந்து தமிழ்நாட்டை நோக்கின் வேறொரு பாடமும் கிடைக்கும். கரூருக்கு அண்மையிலுள்ள புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, 1980களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. அதனைச் சூழ்ந்த குடியிருப்புக்குக் காகிதபுரம் என்றே பெயர். அங்கும் மரத்துக்கு மாற்றாக உழவர் விளைபொருளின் கழிவே மூலப்பொருளாயிற்று. வைக்கோலுக்குப் பதில் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலத்துக்கு எரிபொருளாக்கி வந்தன. காகித நிறுவனம் அவற்றுக்கு மாற்று எரிபொருளால் நீராவி கிடைக்க வழிசெய்து, சக்கையைப் பெற்றுக்கொண்டது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. சக்கை ஆலையின் வாசலிலே தானாகக் குவிகிறது. கரும்பைக் கொண்டுவரும் செலவைச் சர்க்கரை ஏற்றுக்கொள்கிறது. வைக்கோலோ ஆயிரம் வயல்களில் சிதறிக் கிடக்கிறது. எடை சிறிது, பருமன் பெரிது; ஒரு பாரவண்டியை நிரப்பினாலும் தொன் கணக்கில் தேறாது. ஆண்டில் சில வாரங்களே கிடைப்பதால், ஓராண்டுத் தேவையை மழையினின்றும் தீயினின்றும் காத்துச் சேமிக்க வேண்டும். சக்கையில் சிலிக்காவும் குறைவு. ஆகவே வாழைச்சேனையின் உயிர் பொறியில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வயலுக்கும் ஆலைக்கும் இடையிலுள்ள வழியிலே தங்கியிருந்தது. அவ்வழி அமைதியாகவும் மலிவாகவும் இருந்த வரை ஊர் தழைத்தது. வழி அடைபட்டபோது, பொறி பழுதின்றி இருந்திருந்தாலும் பயனில்லை.

இக்காலத்தில் அவ்வழி மேலும் மாறிவிட்டது. எருமைகள் சூடு மிதித்த களவெட்டிகள் அருகிவிட்டன. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து, வைக்கோலை நொறுக்கிப் பரப்பிவிட்டுச் செல்கிறது. அதனை மண்ணுக்கே உரமாக விடுமாறு விவசாயத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்; மாடு வளர்ப்போரும் அதனை நாடுகின்றனர். எனவே வைக்கோல் இன்று கேட்பாரற்ற பொருளன்று. ஆலையைப் பற்றிப் பேசுவோர் இம்மாற்றத்தைக் கருத்திற் கொள்ளாது பழைய நாள் அப்படியே திரும்பும் எனக் கூறுதல் பொருந்தாது.

ஆயினும் ஆலை எழுந்ததற்குக் காரணமான தேவை மறைந்துவிட்டதா? 2022ஆம் ஆண்டு அதற்கு விடை தந்தது. அந்நியச் செலாவணி வற்றியபோது தாளும் மையும் வாங்க நாட்டிடம் பணமில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தாள் இன்மையால் ஒத்திவைக்கப்பட்டன. நாளிதழ்கள் சில அச்சிடுவதையே நிறுத்தின. கற்றதை எழுதிக் காட்டப் பிள்ளைகள் காத்திருந்தனர். வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லை. போர்க்காலத்துக் கப்பல் வராத நாளில் உணர்ந்த குறையை, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், கப்பல் வந்தும் விலை கொடுக்க இயலாத நாளில் நாடு மீண்டும் உணர்ந்தது. வாழைச்சேனை அடியோடு மறக்கத்தக்க ஊரன்று என்பது அன்று பலருக்கும் புலனாயிற்று.

இன்று பாசிக்குடாக் கரையில் சுற்றுலா விடுதிகள் வரிசையாக எழுந்துள்ளன. 1970களிலும் இங்கே விடுதிகள் இருந்தன. போர் அவற்றைப் பாழாக்கியது. போர் முடிந்தபின் 2011ஆம் ஆண்டிலிருந்து புதியவை திறக்கப்பட்டு வந்துள்ளன. வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகம் இயங்குகிறது. ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகள் அங்கிருந்து புறப்படுகின்றன. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகவே இவ்வட்டாரத்துக்கு இனி ஒரே வாழ்வாதாரம் ஆலையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் சுற்றுலாவும் பருவத்தை நம்பியது. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் கடல் கலங்கும். நாட்டில் ஒரு குழப்பம் நேர்ந்தால் விருந்தினர் வருகை உடனே நின்றுவிடும். மாரிக்கும் கோடைக்கும் மாறாது நிற்கும் தொழில் ஒன்று அருகில் இருத்தல், உழவனுக்கும் மீனவனுக்கும் விடுதித் தொழிலாளிக்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.

அவ்வாறு ஆலை ஒன்று மீண்டும் செவ்வனே இயங்குமாயின், மூன்று கடமைகளை அது முதலிலே ஏற்றல் வேண்டும். பழந்தாளானாலும் வைக்கோலானாலும், மூலப்பொருள் ஒழுங்காக வரும் வழியை வகுத்த பின்னரே பொறியைத் தொடக்குதல் முதற் கடமை. நாடெங்குமுள்ள பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஆண்டுதோறும் எரியூட்டப்படும் பழந்தாள், முன்பு களவெட்டியில் எரிந்த வைக்கோலை ஒத்ததேயாகும். துப்புரவு செய்யாத ஒரு துளி நீரையும் வாவிக்கு விடாமை இரண்டாவது கடமை. வாவி கெட்டால் மீனவரோடு விடுதிகளும் கெடும். பாசிக்குடாவின் தெளிந்த நீர் வாழைச்சேனை வாவியின் வாயிலிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பாலத்தின் இருமருங்கிலும் வாழ்வோரின் பிள்ளைகளுக்கு வேலையிலே வேற்றுமை காட்டாமை மூன்றாவது கடமை. முதலிரண்டும் பொறியியலாரின் அறிவால் நிறைவேறும். மூன்றாவது அதிகாரத்தில் உள்ளவரின் நேர்மையையே நம்பியுள்ளது.

கைத்தொழில் ஊர் ஒன்றின் செல்வம் அதன் புகைபோக்கியின் உயரத்தால் அளக்கப்படுவதன்று. அங்கே உழைத்தவர் கற்ற தொழிலறிவும், சம்பளத்தால் படித்த அடுத்த தலைமுறையும், ஒருவரோடொருவர் கலந்து வேலை செய்த பழக்கமும் பொறி ஓய்ந்த பின்னும் எஞ்சுவன. வாழைச்சேனையில் அவை இன்னும் எஞ்சியுள்ளன. இந்துக் கல்லூரியிலும், ஓட்டமாவடி மத்திய கல்லூரியிலும் இன்று பயில்கின்ற மாணவர் பலருக்கு, தம் பாட்டனார் காலத்தில் இவ்வூர் நாட்டுக்குத் தாள் வழங்கியது கதையாக மட்டுமே தெரிந்திருக்கும். தாம் நடக்கும் நிலத்தில் ஆறும் வயலும் இருப்புப்பாதையும் எவ்வாறு ஒன்றுகூடி ஒரு தொழிலை உண்டாக்கின, எதனால் அத்தொழில் தளர்ந்தது என்பதை அம்மாணவர் தம் ஊர் வரலாறாகக் கற்றுக்கொள்வாராயின், இனி எழும் தொழில்களை நடத்தும் பொறுப்பு அவர்கள் கைக்கு வரும்போது முந்திய பிழைகள் குறையும். அதுவே வைக்கோலிலிருந்து தாள் செய்த அவ்வூர் தன் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் மேலான பொருளாகும்.